இடது கால் ஷூ

கணுக்கால் வரை இருந்த சேறு முழங்காலுக்கு ஏறிய பிறகும், பாதை நன்றாகத்தான் இருக்கிறது என்றார் என் வீட்டுக்காரர்.

அதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது.

லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் படியே ஏற வேண்டாம் என்று அந்தக் காலத்தில் என் தோழிகள் பொறாமைப்பட்டார்கள். பாவம், லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தான் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் படியேறிய கால்கள். அதில் அவருக்கு ஏகப் பெருமை.

கொஞ்ச நாளாக மூன்றாவது மாடி வந்ததும் நின்று, சுவரில் இருக்கும் ஸ்விட்ச் பெட்டியை உற்றுப் பார்க்கிறாராம். கூட வேலை செய்பவர் என்னிடம் போட்டுக்கொடுத்தார். டாக்டரிடம் போகலாம் என்றால், கோளாறு ஸ்விட்ச் பெட்டியில்தான் என்கிறார்.

இந்த அழகில், மலை உச்சியில் நின்று போட்டோ அனுப்புவதாக என் தம்பியிடம் சவால் வேறு. இனி வானமே இடிந்து விழுந்தாலும் தானாகத் திரும்ப மாட்டார்.

மழை விட்டிருந்தது, மரங்கள் இன்னும் விடவில்லை. கடுந்தேநீர் நிறத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதிலிருந்து எழும்பி நின்ற வேர்களெல்லாம் பாசி. மரத்துக்கு மரம் நின்று அந்தப் பாசியை உற்றுப் பார்த்தார்.

இங்கேயும் ஸ்விட்ச் பெட்டி வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன்.

சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. உதடு வெளுத்திருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

குனிந்து அட்டையைத் தட்டிவிடுகிற சாக்கில் இடது ஷூவின் நாடாவை அவிழ்த்தேன். அடுத்த சேற்றில் நன்றாக அழுத்தி மிதித்து, காலை மட்டும் உருவிக்கொண்டேன்.

"ஏங்க, என் ஷூ போச்சு."

பையைக் கழற்றி வைத்துவிட்டு மண்டியிட்டார். தோள் வரை கையை விட்டுத் துழாவினார். லிஃப்ட் குழிக்குள் விழுந்த சாவி, கம்மல், ஒருமுறை யாருடையதோ பல்செட், எதையும் இருட்டில் தடவியே எடுத்துவிடுகிற கை அது.

குச்சி ஒன்று ஒடித்து வரச் சொன்னார். நொண்டியடித்துப் போய்க் கொண்டுவந்தேன். அதையும் விட்டுக் கிளறினார்.

"கிடைக்கல. உன்னால உச்சி போச்சு, போ."

எனக்கு உயிர் வந்தது.

பையில் எப்போதும் கிடக்கும் தன் ரப்பர் செருப்பை எடுத்துக் கொடுத்தார். இறங்கும் வழியெல்லாம் என்னை ஒரு வழி பண்ணிவிட்டார். ஷூ போடத் தெரியாதவளை நம்பி மலை ஏறியது தன் தப்பாம். என் தம்பியிடமும் அப்படியே சொல்லப்போகிறாராம். தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டேன். பையை மட்டும் நான் கேட்டும் தரவில்லை. வீம்பு என்று நினைத்தேன்.

அடிவாரத்துக் குழாயில் அவர் கை கழுவும்போது, துண்டு எடுக்கப் பையைத் திறந்தேன்.

துண்டு இருந்தது. அதற்குள் சுருட்டி, சேறு வழிய, என் இடது ஷூ.

தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் அவர் குரல் வந்தது.

"என்ன தேடுற?"

பையை மூடினேன். துண்டைத் தேடினேன், கிடைக்கவில்லை என்றேன். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து நீட்டினேன். துடைத்துக்கொண்டே, போகிற வழியில் எனக்குப் புது ஷூ வாங்கிவிடலாம் என்றார்.

டாக்டர் இருக்கிற தெருவில் நல்ல ஷூ கடை ஒன்று இருக்கிறது என்றேன்.

மூடிய குழாயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

பிறகு, சரி, அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்றார்.