பாயும் பேட்டரியும்

"குத்திடாதீங்க மச்சான், வெடிச்சிரும்!"

எனெலிக்கோ காதில் வாங்கவில்லை. கிட்டார் மீட்டும் பிளாஸ்டிக் வில்லையைப் போனின் முதுகுப் பக்கம் நுழைத்து, ஓரம் ஓரமாக நகர்த்திக்கொண்டிருந்தார். போன், வில்லை இரண்டுமே அவர் மகன் சாமுவுடையவை. பத்தொன்பது வயது, ஒரே பிள்ளை. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் கடலோர ரோட்டில் பைக்கோடு லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான்.

வாசலில், விடியுமுன் வந்து உட்கார்ந்த கூட்டம் அசையாமல் இருந்தது. லாரி ஓட்டிய லோமியும் அவன் அப்பாவும் முன்னால் மண்டியிட்டிருக்க, அவர்கள் தலைமேல் அந்தக் குடும்பத்தின் ஆக உயர்ந்த பாய் போர்த்தியிருந்தது. எங்கள் சமோவாவில் மன்னிப்புக் கேட்பது இப்படித்தான். செத்தவன் வீட்டார் வந்து பாயை விலக்கினால் மன்னித்தாயிற்று. விலக்காவிட்டால், அடி விழுந்தாலும் வெட்டு விழுந்தாலும் குனிந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"வெயில் ஏறிருச்சுங்க," என்றாள் அவர் மனைவி பெனினா. மூன்று நாள் அழுததில் அவளுக்குக் குரலே போயிருந்தது. "அந்தப் பெரியவர் ரெண்டு தடவை சாஞ்சிட்டார். விலக்குறதுன்னா விலக்குங்க. இல்லேன்னா போகச் சொல்லுங்க."

"இந்தப் போன் எந்திரிக்கட்டும். அப்புறம்தான் வெளிய வருவேன்."

"உங்க போனையாவது போட்டு வையுங்களேன். நாளைக்கு அடக்கம், சர்ச்சுலேர்ந்து கூப்பிடுவாங்க. செவ்வாக்கிழமையிலேர்ந்து அதை அணைச்சு பைபிள் அலமாரிக்குள்ள வெச்சிருக்கீங்க."

"கிடக்கட்டும்."

பெனினாவின் தம்பி ஃபெத்து, தேங்காய் வெட்டும் கத்தியை மடியில் வைத்திருந்தான். "நீ சும்மா இரு அக்கா. மச்சான் செய்றதுதான் சரி. அந்தப் புளுகன் போலீஸ்ல என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? சாமு தலையைக் குனிஞ்சுக்கிட்டே நேரா வந்து மோதினானாம். ரோட்டைப் பாக்காம எவனாவது பைக் ஓட்டுவானா? சாமு போற வழியெல்லாம் வீடியோ புடிக்கிறவன். லாரி எந்தப் பக்கம் வந்துச்சுன்னு இதுக்குள்ள இருக்கும்."

எனெலிக்கோ வில்லையை அடுத்த ஓரத்துக்கு நகர்த்தினார்.

போலீஸ் திருப்பித் தந்த நாளிலிருந்து அந்தப் போன் படுத்தி எடுத்தது. உயிர் வரும். கம்பெனிப் பெயர் மின்னும். ஒரு நடுக்கம், அணைந்துவிடும். அணைந்த கையோடு மறுபடி உயிர் வரும். பொத்தான்களைச் சேர்த்து அமுக்கிப் பார்த்தார்கள், வேறு சார்ஜர் மாற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. "பேட்டரி உப்பிப்போச்சு. விட்டுட்டுப் போங்க, திங்கக்கிழமை பாக்கலாம். நீங்களா கை வெச்சா கையும் போகும், உள்ள இருக்கிறதும் போகும்," என்றான் அப்பியா நகரத்துப் போன் கடைக்காரன். திங்கட்கிழமைவரை பொறுக்க இவரால் ஆகவில்லை. புது பேட்டரியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

முதுகு கழன்றது. உள்ளே பழைய பேட்டரி, சுட்ட அப்பம்போல் உப்பிக் கிடந்தது.

"தென்ன மரம் ஏறுற கைக்கு டாக்டர் வேலை," என்று முனகிய ஃபெத்து, எதற்கும் ஒரு சட்டி மணலை அருகே இழுத்துவைத்தான்.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றிச் சுற்றி ஒற்றி, பசையை இளக்கினார். பிறகு பிளாஸ்டிக் வில்லையைக் கீழே கொடுத்து, தூங்குகிற குழந்தையை எடுப்பதுபோல் பேட்டரியை எடுத்தார். மணலில் போட்டார். புதியதைப் பொருத்திப் பொத்தானை அமுக்கினார்.

கம்பெனிப் பெயர் மின்னியது. ஒரு நடுக்கம். மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

இந்த முறை அணையவில்லை.

திரையில் சாமு நாக்கைத் துருத்திக்கொண்டு சிரித்தான். பெனினா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாமு எதற்கும் பூட்டுப் போடாதவன். போன் உடனே திறந்துகொண்டது. எனெலிக்கோவின் விரல் வீடியோ இருக்கும் பக்கம் போகவில்லை. வேறெங்கோ ஒரு இடத்தைத் தொட்டது, அங்கேயே நின்றது. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இருக்கா மச்சான்?"

"இருக்கு."

"யார் தப்புன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். ஃபெத்துவும் கத்தியோடு எழுந்தான். "ஐயோ, வேணாங்க!" என்று பெனினா அவர் கையைப் பிடித்தாள். அவர் மெல்ல விடுவித்துக்கொண்டு வாசலுக்கு இறங்கினார்.

காலடி கேட்டதும் பாய் நடுங்கியது. பின்னால் இருந்தவர்கள் நெற்றியைத் தரையில் வைத்துக்கொண்டார்கள். எனெலிக்கோ குனிந்து பாயின் ஓரத்தைத் தூக்கினார். கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது.

ஆனால் பாயை அவர் விலக்கவில்லை. லோமியின் பக்கத்தில் மண்டியிட்டுத் தலையை உள்ளே நுழைத்தார். பாய் அவர் முதுகையும் மூடிக்கொண்டது. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது:

"தள்ளி உக்காரு, தம்பி. அவன் தலையைக் குனிஞ்சு மெசேஜ்ல பதில் அடிச்சுக்கிட்டிருந்தது எனக்குத்தான்."