களைத்துப்போன ரத்தம்

2019 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. சாஸ்கட்டூனில் மைனஸ் முப்பத்தொரு டிகிரி, வடமேற்கிலிருந்து காற்று, குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவின் சன்னல் விளிம்புகளில் உட்புறமாகவே பனி படிந்திருந்தது.

ஒன்பது வயது மார்னியை ஸ்கேன் எடுக்க அழைத்துச் சென்றிருந்தார்கள். அவளுடைய காலிக் கட்டிலருகே ஒரு தாளுடன் நின்றுகொண்டிருந்தாள் செவிலி ஜோவிலின்.

நானும் இந்தப் பிரிவில் பல்லாண்டுகளாகச் செவிலி. ஐந்து வாரமாக விடுப்பில் இருந்தேன். இருந்தும் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை.

குழந்தையிடம் நோயின் பெயரை எப்படிச் சொல்வது என்று பெற்றோருக்கு வழிகாட்டும் கையேட்டை எழுதியவள் நானே. அதில் ஓர் எழுத்துப்பிழைகூடக் கிடையாது. மாணவிகளுக்கு அதை வகுப்பாகவும் எடுப்பேன். வகுப்பின் முடிவில் ஓரிருவராவது அழுவார்கள். அதை என் திறமையின் கணக்கில் சேர்த்துக்கொள்வேன்.

'தவிர்க்க வேண்டியவை' என்ற தலைப்பின்கீழ் நான் எழுதியிருந்த அனைத்தையும், ஏறக்குறைய வரிசை மாறாமல், மார்னியின் தாய் செய்து முடித்திருந்தாள்.

கதவில் இருந்த பிரிவின் பெயர்மேல் மகள் வரைந்த குதிரைப்படத்தை ஒட்டினாள். மருத்துவரை வாசலிலேயே மறித்துத் தாழ்வாரத்திற்கு இழுத்துப்போய்ப் பேசினாள். தொலைக்காட்சியில் நன்கொடை விளம்பரம் வந்தால், தொலையியக்கியைத் தேடி நாற்காலியில் இடித்துக்கொண்டாள்.

நோய், ரத்தப் புற்று. மகளிடம் அவள் சொல்லியிருந்தது இது: "உன் ரத்தம் களைச்சுப் போயிருக்கு, கண்ணு. அதுக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும்."

அதில் எழுவாய் உண்டு, பயனிலை உண்டு; உண்மை மட்டும் இல்லை. முடி உதிரத் தொடங்கியபோது அதற்கும் களைப்பே காரணமாயிற்று.

அவளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. இப்படிப்பட்ட தாய்மாரைப் பற்றிச் செவிலியர் அறையில் நாங்கள் பேசிச் சிரிப்பதுண்டு. கேட்டால் அவர்கள் மருத்துவமனையையே மாற்றிக்கொள்வார்கள்.

பிரிவின் விதி எளிது. குழந்தையிடம் பொய் சொல்லக்கூடாது. பெற்றோர் சம்மதமின்றி உண்மையும் சொல்லக்கூடாது. இரண்டுக்கும் இடையே கால் வைக்க இடமில்லாத இடத்தில் ஜோவிலின் இத்தனை நாளும் நின்றிருந்தாள்.

நான் கட்டில் விரிப்பின் மூலைகளை மடித்துச் செருகினேன்.

"அதை விடுங்கக்கா. அது இப்ப என் வேலை."

ஜோவிலின் மணிலாவிலிருந்து வந்தவள். வயதில் மூத்த பெண் யாராயினும், மருத்துவராயினும் துப்புரவுப் பணியாளராயினும் அவளுக்கு அக்காதான்.

பிறகு அவள் விஷயத்தை எடுத்தாள். "நேத்து டிரெஸ்ஸிங் மாத்தறப்ப மார்னி நேரா கேட்டுட்டா. 'எனக்கு வந்திருக்கிறது கேன்சரா, ஜோவி?'ன்னு."

தாய் கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டாள். "நீ என்ன சொன்ன?"

"அம்மாகிட்ட கேளும்மான்னேன். எத்தனை நாளைக்குத்தான் இதையே சொல்றது? கண்ணாடில என் மூஞ்சியப் பாக்க எனக்கே பிடிக்கல."

"ஈஸ்டர் போகட்டும்."

"போன வாரம் ஜுரம் இறங்கட்டும்னீங்க. அது இறங்கிடுச்சு, நீங்கதான் இறங்கி வரமாட்டேங்கறீங்க."

"ஒன்பது வயசுக் குழந்தைக்கு இதெல்லாம் என்ன புரியும்?"

இக்கேள்விக்குரிய விடையை எத்தனையோ தாய்மாருக்கு, தோளில் கைவைத்து, சொல்லியிருக்கிறேன். அன்று அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பெற்றோர் தடுமாறும் இடத்தில் செவிலி மௌனம் காக்க வேண்டும் என்கிறது கையேடு. ஜோவிலின் காத்தாள். என்னிடம் படித்தவள் அல்லவா.

மௌனம் பலிக்காததால் கையேட்டைக் கைவிட்டாள்.

"என்ன புரியும்னா கேக்கறீங்க? ஐஸ்ல ஹாக்கி ஆடற அவ ஸ்கேட்ஸ கென்ஸிக்குக் குடுத்துட்டா. ஞாயித்துக்கிழமை பாக்க வந்தாளே அந்தப் பொண்ணுகிட்ட, வீட்ல இருக்கு, எடுத்துக்கோன்னுட்டா. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது.

"ஏன்டி குடுத்தேன்னு கேட்டேன். 'நான் ரொம்ப ஹாக்கி ஆடினதாலதான் ரத்தம் களைச்சுப் போச்சு. இனிமே ஆடவே மாட்டேன். என்மேல கோவிச்சுக்க வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லு'ன்னா." ஜோவிலினின் குரல் இறங்கியது. "விளையாட்டு ரூமுக்கு ஏன் வரமாட்டேங்கறான்னு மண்டையப் போட்டு உடைச்சுக்கிட்டோமே அக்கா, இதுக்குத்தான். ரத்தம் தூங்கட்டும்னு கைகூட அசைக்காம படுத்திருக்கா."

நாம் சொல்லாமல் விட்ட இடத்தைக் குழந்தை தன் குற்றத்தால் நிரப்பிக்கொள்ளும் என்பது கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. தடித்த எழுத்தில். தடிமன் போதவில்லை என்று அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பியவள் நான்.

தாழ்வாரத்தின் கோடியில் சக்கரக் கட்டிலின் ஓசை கேட்டது. மார்னியைத் திரும்ப அழைத்து வந்துகொண்டிருந்தார்கள்.

ஜோவிலின் தாளை நீட்டினாள். நோயின் பெயரைக் குழந்தையிடம் சொல்லச் சம்மதம், அல்லது சம்மதமில்லை. அதன்கீழ், சொல்பவர் யார்: பெற்றோர் மட்டும், அல்லது செவிலியர் துணையுடன்.

சம்மதம் என்பதில் குறி விழுந்தது. அடுத்த வரியில் பேனா நின்றது.

துணை கேட்பதில் எந்தத் தாயும் வெட்கப்படத் தேவையில்லை என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறேன். மாணவிகள் அதைக் குறித்துக்கொள்வார்கள்.

'செவிலியர் துணையுடன்' என்பதில் நான் குறியிட்டேன். கையெழுத்திட்டேன். உறவுமுறை என்ற இடத்தில் 'தாய்' என்று எழுதி, தாளை ஜோவிலினிடம் கொடுத்தேன்.