ஈஸ்டருக்கு நாற்றுக் காவல்

வாசலில் நின்றவர்கள் மூன்று பேர். பனிச்சறுக்குக் கட்டைகளைக் காரின் மேல் கட்டி முடித்த ஓட்வார், கிளம்ப மனமில்லாத அவன் மனைவி குன்வோர், பக்கத்து வீட்டுத் தபால்காரன் தோர்கில். உள்ளே இன்னும் நூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லாரும் விரல் நீளம், பால் அட்டைப்பெட்டிகளில் நிற்கும் தக்காளியும் மிளகாயும்.

ஈஸ்டர் விடுமுறை வந்தால் வடகோடிப் பனியூரான ஆல்டாவில் பாதிப் பேர் மலைக்குடிலுக்குப் போய்விடுவார்கள். பத்து நாள் நாற்றுகளுக்கு யார் தண்ணீர் விடுவது? தோர்கில் பெயரைச் சொன்னதே ஓட்வார்தான்.

"பாலர் பள்ளிக் கள்ளிச்செடியையே சாகடிச்சவராச்சே," என்றாள் குன்வோர், தோர்கிலை வைத்துக்கொண்டே.

"இந்த வேலைக்கு இவன விட்டா தெருவுல வேற ஆளே கிடையாது." ஓட்வார் சாவியை எடுத்துத் தோர்கிலின் உள்ளங்கையில் அழுத்தினான்.

தோர்கில் சாவியைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினான். நான்கு வருடமாகத் தெரு அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. அவன் தபால் போட்ட வீட்டில் புல் கருகும் என்று பேச்சு. இதில் ஒன்று செத்தாலும் அந்தப் பேச்சு அவனோடுதான் கல்லறைக்குப் போகும்.

குன்வோர் உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். சாப்பாட்டு மேசை முழுக்கத் தக்காளி. குளியல் தொட்டியிலும் தக்காளி.

"கட்டில்ல ஓட்வார் படுக்கிற பக்கம் மிளகாய். அவர் பிப்ரவரிலேர்ந்து சோபாதான். தினமும் எல்லாத்தையும் கையால தடவிக் குடுங்க, காத்தடிக்குதுன்னு நெனச்சுத் தண்டு தடிக்கும்."

தோர்கில் தடவினான். காலையில் ஒரு முறை, வேலை முடிந்து ஒரு முறை. மூன்றாம் நாளிலிருந்து கால்பந்து முடிவுகளையும் வாசித்துக் காட்டினான். சொந்த ஊர் அணி தோற்றதை மட்டும் மிளகாய்களிடம் சொல்லவில்லை.

ஆறாம் நாள் மதியம் மின்சாரம் போனது. வெளியே மைனஸ் பதினான்கு. குன்வோர் வீட்டில் எல்லாம் மின்கணப்பு. தோர்கில் வீட்டில் விறகு அடுப்பு.

மேலங்கிக்குள் நாலு நாலாக அணைத்துக்கொண்டு இருபத்தெட்டு நடை ஓடினான். இரண்டு முறை பனியில் விழுந்தான், இரண்டு முறையும் மல்லாக்க. எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து, "என்னய்யா, பூனை குட்டி போட்டிருச்சா?" என்று ஒரு குரல் கேட்டது. மறுநாள் மின்சாரம் வந்ததும் எல்லாவற்றையும் அதே மாதிரி திருப்பிக் கொண்டுபோய் வைத்தான்.

குன்வோர் திரும்பி வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் எண்ணினாள். நூற்றுப் பன்னிரண்டு. தோர்கிலைக் கட்டிப் பிடித்துத் தூக்கியே விட்டாள்.

"தண்டெல்லாம் பென்சில் கணக்கா இருக்கு. இனிமே ஒவ்வொண்ணுக்கும் பெரிய தொட்டி வேணும். ஜூன் வரைக்கும் வெளிய வைக்க முடியாது, சோபாவ ஒதுக்கிடலாம். அடுத்த வருஷமும் நீங்கதான், சொல்லிட்டேன்."

ஓட்வார் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சோபாவையே பார்த்தான்.

தோர்கில் வீட்டுக்கு வந்து காபி போட்டான். அடுப்பங்கரையில் தனியாக இரண்டு சுற்று ஆடவும் செய்தான். மூன்றாவது சுற்றில் வாசல் கதவு திறந்தது.

ஓட்வார். கக்கத்தில் தலையணை, தோளில் போர்வை. உள்ளே வந்து கதவைச் சாத்திப் பூட்டினான்.

"நீ எல்லாத்தையும் சாகடிச்சுடுவேன்னு நம்பித்தானேடா சாவியக் குடுத்தேன்."