ஒரே பிரதி

போனிலும் கணினியிலும் உள்ள கோப்புகளை ஒத்திசைக்கும் எங்கள் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் ஒரு வழக்கம் உண்டு. புது வசதி எழுதியவர், வேறெங்கும் பிரதி இல்லாத தன் கோப்பு ஒன்றை அதற்கு முதலில் கொடுக்க வேண்டும். திட்டத்தைத் தொடங்கிய திலகேஸ்வரி அக்கா போட்ட விதி அது. அடுத்த வெளியீட்டில் எதையெல்லாம் சேர்ப்பது என்று வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தோம். ரெமிஜியஸ் எழுதியிருந்த வசதி, போனில் இடம் நிறையும்போது நாம் அழுத்தும் கோப்புகளை வீட்டுக் கணினிக்கு அனுப்பிவிட்டு, போனிலிருந்து அழித்துவிடும். பலரும் கேட்டுக் காத்திருந்தது. "உன் ஃபைல் எது தம்பி?" என்றார் அக்கா. மகள் முதன்முதலாகச் சிரித்த வீடியோவைக் காட்டினான். அதன்மேல் வைத்த விரல் அழுத்தவே இல்லை. "அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்க்கா. எனக்கே பயமா இருக்கு." யாரும் அவனை வற்புறுத்தவில்லை. "நீ எழுதினத வரி வரியாப் படிச்சேன். எங்கயும் இடிக்கல," என்ற அக்கா, தன் போனைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். அதில் ஒரே ஒரு ஒலிப்பதிவு. இறந்துபோன தங்கை அவரை வாய் ஓயாமல் திட்டுவது. அந்தக் குரல் வேறெங்கும் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். "வேணாம்க்கா!" என்று ரெமிஜியஸ் கத்துவதற்குள் அழுத்திவிட்டார். போனிலிருந்து பதிவு மறைந்தது. அழைப்பில் அவர் பகிர்ந்திருந்த வீட்டுக் கணினியின் திரை இன்னும் காலியாகவே இருந்தது. ரெமிஜியஸ் எழுந்து நின்றுவிட்டதில், அவன் கட்டத்தில் முகம் போய்ச் சட்டைப் பொத்தான்கள் மட்டும் தெரிந்தன. அக்கா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.