நகத்தளவு விளிம்பு

"இந்த ஞாயித்துக்கிழமையோட சரிங்க. அப்புறம் கயித்தைப் பிடிங்கன்னு உங்க உயிரை வாங்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை, டீயைக் கையில் கொடுத்துவிட்டு மனைவி இப்படிச் சொன்னதும் கொத்தனார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நாலு வருஷமாக ஒரே பாறையோடு மல்லுக்கட்டியவள் இவ்வளவு சாதாரணமாகக் கை கழுவுகிறாள் என்றால், உள்ளுக்குள் எவ்வளவு நொந்திருக்க வேண்டும்?

தோள் வலி கூடிவிட்டதா என்று கேட்டார். அதெல்லாம் இல்லை, போதும் என்று தோன்றுகிறது என்றாள்.

"அன்னைக்காவது ஒரு நல்ல சட்டையப் போட்டுட்டு வாங்க. எப்பப் பாரு சிமெண்ட் சட்டை."

"ஏன், பாறை என்ன என் மாமியாரா, சட்டையப் பாத்து எடை போட?"

"மாமியாரே தேவலை. இது என்னை வருஷக்கணக்கா வாசல்லயே நிக்க வச்ச பாறை."

சிரித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அந்தச் சிரிப்புதான் அவரை அறுத்தது.

அவளுக்கு உயரமான கட்டிடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைக்கிற வேலை. கூட வேலை செய்பவர்கள் ஒரு லீவு நாளில் ஊருக்கு வெளியே பாறை ஏற அழைத்துப் போனார்கள். அன்று பிடித்த பைத்தியம். அங்கே யாருமே ஏறி முடிக்காத செங்குத்துப் பாறை ஒன்று உண்டு. பாதியில் தொப்பை மாதிரி பிதுங்கி நிற்கும். தொப்பைக்கு மேலே பிடிக்க ஒன்றுமில்லை, நகத்தளவு அகலத்தில் ஒரு விளிம்பைத் தவிர. எட்டித் தாவி இரண்டு விரல் நுனியில் மொத்த உடம்பையும் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவள் அங்கேதான் விழுவாள். கயிற்றின் மறுமுனை கீழே அவருடைய இடுப்பில். அவள் விழுவதைக் கண் பார்க்கும் முன்பே இடுப்பு சொல்லிவிடும்.

வீட்டில் அடுப்பில் எது கொதித்தாலும் கதவு நிலையை விரல் நுனியால் பற்றித் தொங்கிக்கொண்டிருப்பாள். ஞாயிறு சாயங்காலம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். தண்ணீர் விழுகிற சத்தத்தில் தெரியாது என்று நினைப்பு.

பாறை ஏறுகிற அந்த ஆட்டத்துக்கு இருந்தது ஒரே ஒரு சட்டம். பாறை எப்படி இருக்கிறதோ அப்படியே ஏற வேண்டும், உளி படக் கூடாது. முதல் நாளே சொல்லியிருந்தாள். புருஷன் கல் கொத்துகிறவர் ஆயிற்றே.

சனிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பின்பக்கத்து ஒற்றையடிப் பாதை வழியாகப் பாறையின் உச்சிக்குப் போனார் கொத்தனார். கயிற்றைக் கட்டித் தொப்பை வரைக்கும் இறங்கினார். விளிம்பைக் கொஞ்சம் ஆழப்படுத்தினார், விரலின் முதல் கணு உட்காரும் அளவுக்கு. அவள் விரல் கிழியக் கூடாதே என்று ஓரத்தை மழுக்கினார். புதுக் கல்லின் வெளுப்புத் தெரியாமல் மண்ணைத் தேய்த்தார். யார் குடி முழுகிவிடப் போகிறது? திரும்பி வரும்போது ஏதோ புண்ணியம் செய்த மாதிரிதான் இருந்தது.

ஞாயிறு காலை, தேய்த்த சட்டையில் பாறையடியில் நின்றார். அவள் என்றைக்கும் இல்லாத நிதானத்தோடு ஏறினாள். தொப்பைக்குக் கீழே நின்று அவரை ஒரு தடவை குனிந்து பார்த்தாள். பிறகு தாவினாள்.

இடுப்பில் இழுப்பு இல்லை. கை விளிம்பைப் பிடித்திருந்தது.

"அவ்வளவுதாம்மா, இனி போயிடலாம். போ."

அவள் போகவில்லை. இன்னொரு கையால் அந்த விளிம்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவிப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"இறக்குங்க."

கீழே வந்து கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். அவர் பொய்யை ஏற்கெனவே தயார் செய்து வைத்திருந்தார்.

"எவனோ வந்து கொத்தியிருப்பான் போல..."

"எவனோ கொத்தியிருந்தா, எனக்கு விரல் கிழியக் கூடாதுன்னு ஓரத்தை மழுக்கியிருப்பானா?"

அவர் கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"விட்டுடறேன்னு நீ சொன்னதும் மனசு கேக்கலை. ஒரே ஒரு தடவை நீ உச்சியில நிக்கிறதப் பாக்கணும்னுதான்..."

திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. அவள் கேட்டது வேறு. அதைப் பழையபடி ஆக்க முடியுமா என்று கேட்டாள், சின்னப்பிள்ளை உடைந்த பொம்மையை நீட்டுகிற மாதிரி. இத்தனை வருஷமாகக் கல்லோடு பிழைக்கிறவர் தலையை ஆட்டினார். முடியாது. கொத்தின கல் வளராது. சாந்து வைத்துப் பூசினாலும் அது பாறை ஆகாது.

அவள் எழுந்தாள். பிறகு பக்கத்தில் வந்து, அவர் இடுப்பிலிருந்த கயிற்றை அவளே அவிழ்த்தாள்.

"வியாழக்கிழமை மட்டம் போட்டுட்டு, கூட வேலை பாக்கிற பொண்ணக் கயிறு பிடிக்கச் சொல்லி உச்சி வரைக்கும் ஏறிட்டேங்க. நீங்க பாக்காம ஏறினத ஊருக்குச் சொல்ல மனசு வரலை, அதான் இன்னைக்கு உங்க கண்ணு முன்னால ஏறிக் காட்டிட்டு அப்புறம் எல்லாருக்கும் சொல்லலாம்னு வந்தேன்."