டாக்டர் ஷென்னின் முயல்

நான்ஜிங்கில் ஓர் அக்குபங்சர் ஆய்வுக்கூடத்தில் முயல்களுக்குத் தீனி போடுவது என் வேலை. அங்கே ஆராய்ச்சி செய்யும் டாக்டர் ஷென் யூலான் எனக்குப் பக்கத்து வீடு. நடுவே ஒரே சுவர். அவருடைய புருஷன் குடித்துவிட்டு வந்து பெல்ட்டால் விளாசுவான். கட்டடமே ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்ளும். டாக்டரின் குரல் மட்டும் கேட்காது.

வலியை மரத்துப்போகச் செய்யும் அக்குபங்சர் ஊசி பற்றித்தான் அவருடைய ஆராய்ச்சி. அதற்காக விருதுகூட வாங்கியிருக்கிறார். மாலையில் முயலுக்குக் குத்திய ஊசியையே தன் கட்டைவிரல் இடுக்கில் செருகிப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார். மறுநாள் அவர் உடம்பில் ஒரு கீறல் இருக்காது. பூட்டிய கூண்டுக்குள் முயலின் முதுகில் பெல்ட் தடம் இருக்கும்.

நேற்று சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி உடைந்தது. "செத்துத் தொலைடி!" என்று அவன் கத்தினான். பிறகு சத்தமே இல்லை.

காலையில் முயல் செத்துக் கிடந்தது. கழுத்தில் மனித விரல்களின் தடம். டாக்டர் சோயாப்பால் குடித்தபடி வந்து எட்டிப் பார்த்தார்.

"யாரு டாக்டர் இப்படி நெரிச்சது? பூட்டு பூட்டினபடியே இருக்கு!"

அவர் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"வேற ஒண்ணு வாங்கிட்டு வாங்க டிங் அண்ணே. கழுத்து நல்லா தடியா இருக்கட்டும். இன்னிக்கு அவருக்குச் சம்பள நாள்."