இடது காது

தினமும் காலையில் பூரணம் தலைவரின் படத்தைத் துடைப்பாள். வீட்டுக்கு வீடு தலைவர் படம் மாட்டியிருக்க வேண்டும், அதில் தூசி படியக் கூடாது என்பது அந்த நாட்டு உத்தரவு. ஆனால் பூரணத்தைப் போல அரை மணி நேரம், அதுவும் வாய்க்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு துடைப்பவர்கள் வேறு யாருமில்லை. அந்தப் படத்தை வரைந்தது அவள் மகன் செழியன். மாதிரிக்குக் கொடுத்த புகைப்படத்தில் தலைவரின் இடது காதைத் தொப்பி மறைத்திருந்தது. அதனால் கண்ணாடியைப் பார்த்துத் தன் காதையே உள்ளது உள்ளபடி வரைந்து வைத்துவிட்டான். ரேஷன் வரிசையில் மயங்கி விழுந்த பெண்ணை வரைந்ததற்காக அவனைப் பிடித்துப் போய் நாலு வருஷமாகிறது. அவன் இனி இல்லை என்று கடிதமும் வந்துவிட்டது. பிடிக்க வந்தவர்கள் அவன் வரைந்த அத்தனையையும் முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். இந்தப் படத்துக்கு மட்டும் சல்யூட் அடித்துவிட்டுப் போனார்கள்.

இன்றைக்குச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் புதியவர். படத்தின் விளிம்பை விரலால் தடவினார், தூசியில்லை. பிறகு முகத்தைக் கிட்டே கொண்டுபோனார்.

"என்னம்மா இது, தலைவர் காதுல ஓட்டை இருக்கு?"

பூரணம் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"தாய்மாமன் மடியில உக்கார வச்சுக் காது குத்தாத பிள்ளை எங்கய்யா இருக்கு?"

இன்ஸ்பெக்டரின் கை மெல்லத் தன் காது மடலுக்குப் போனது. சின்ன வயதில் குத்திய ஓட்டையை விரல் தடவியது. பிறகு நோட்டில் 'சுத்தம்' என்று எழுதிவிட்டுப் படியிறங்கினார்.

பூரணம் துணியை உதறி, அந்தச் சின்ன ஓட்டையை இன்னொரு தடவை துடைத்தாள்.

"தப்பிச்சுட்டடா, என் ராசா" என்றாள்.